பார்த்தவர் கையெழுத்து

ஒரு சைபர். ஒரே ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது. அதை அழிக்கப் போய்த்தான் அத்தனை கூத்தும்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளை முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் 'சாவிக்கொத்து'. மூன்றாவது மாடி சர்வர் அறைக் கதவிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பாஸ்வேர்ட் வரை எதுவும் அவளை மீறித் திறக்காது என்பதால் விழுந்த பட்டப்பெயர். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போவாள். பொய் சொல்வானேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆபரேஷன்கள் குறைவாக இருக்கும் நாள் என்று பார்த்து, காலை பத்து மணிக்கு டேட்டாபேஸை இருபது நிமிடம் நிறுத்தப்போவதாக ஒரு வாரம் முன்பே எல்லாப் பிரிவுகளுக்கும் சொல்லியிருந்தாள். நோயாளிகளின் விவரம், பரிசோதனை முடிவுகள், ரத்த வங்கியின் இருப்பு எல்லாம் அந்த ஒரே டேட்டாபேஸில்தான். கொஞ்ச நாளாக அது மந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கூடுதல் மெமரி கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு கட்டளை, ஒரு எண், நிறுத்தி ஒரு தடவை கிளப்பினால் முடிந்தது. பத்தே காலுக்குக் கிளம்பிவிடலாம் என்று கைப்பையைத் தோளிலிருந்துகூட இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

எண்ணை அடித்தாள். நிறுத்தினாள். கிளப்பினாள். கிளம்பவில்லை.

நீ கேட்கிற அளவு மெமரி இந்த மெஷினிலேயே கிடையாது என்றது திரை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தால், எண்ணின் வாலில் ஒரு சைபர் அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். டேட்டாபேஸ் கண் விழித்ததும் முதல் வேலையாக ஒரு சின்ன ஃபைலைப் படிக்கும். எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ள வேண்டும், தன்னுடைய மற்ற ஃபைல்கள் எந்தெந்த டிஸ்க்கில் கிடக்கின்றன, பூட்டி வைத்த விவரங்களுக்குச் சாவி எங்கே, எல்லாம் அதில் நாற்பது வரிக்குள் இருக்கும். அதைப் படிக்காவிட்டால் தன் வீடு எது, வாசல் எது என்றே அதற்குத் தெரியாது. பார்வைக்கு அதில் இருப்பது சாதாரண எழுத்து மாதிரிதான் இருக்கும். ஆனால் மனிதர்கள் நேரே கை வைக்கிற ஃபைல் இல்லை அது. திருத்த வேண்டுமானால் தனியாக ஒரு நகல் எடுத்து, நகலில் திருத்தி, அதிலிருந்து புது ஃபைல் செய்துகொள் என்று டேட்டாபேஸுக்கே கட்டளை கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அவசரப்பட்டு அதையே எடிட்டரில் திறந்து சேமித்தால் கெட்டுப்போகும்.

இது அவளுக்குத் தெரியாதா? அவள் மேஜைக்கு நேர் எதிரே, சுவரில், சிவப்பு மையில் ஒட்டியிருந்தது: 'இந்த ஃபைலை எடிட்டரில் திறப்பவர் வீட்டுக்குப் போகலாம். திரும்பி வர வேண்டாம்.' கீழே கையெழுத்து. அவளுடைய கையெழுத்துதான்.

ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எக்ஸ்ரேக்காரர் ஒரு தடவை, பரிசோதனைக்கூடம் ஒரு தடவை, வீட்டிலிருந்து ஒரு தடவை. முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று ஆளாளுக்கு உயிரை எடுத்தார்கள். ஒரு சைபர்தானே, அழித்துவிட்டுச் சேமித்தால் தீர்ந்தது, ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றிவிட்டது. தோன்றியது என்ன, கை முந்திக்கொண்டது. திறந்தாள், அழித்தாள், சேமித்தாள்.

'டிஸ்க்கில் இடம் இல்லை' என்று வந்தது.

அடுத்து ஒரு காரியம் செய்தாள் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. இடமில்லையா, இரு, இடம் பண்ணித் தருகிறேன் என்று திரையில் திறந்திருந்த அந்த ஜன்னலைச் சடாரென்று மூடினாள். டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களை அளவுப்படி வரிசைப்படுத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே குண்டாக உட்கார்ந்திருந்தது லாக், அதாவது டேட்டாபேஸ் தினமும் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு. வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை. குப்பையைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். வீட்டில்கூட நேற்றைய செய்தித்தாள் இன்று இருக்காது. அழித்தாள். இடம் கிடைத்தது. திருப்தியாகத் திரும்பி வந்து அந்தச் சின்ன ஃபைலைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. இடமில்லாமல் பாதியில் நின்ற சேமிப்பு, இருந்ததையும் துடைத்துவிட்டுப் போயிருந்தது.

"ஐயோ," என்றாள் வாய்விட்டு. உடனே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பயப்படாதே. டேட்டாபேஸ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த ஃபைலில் இருக்கிற வரிகளை அப்படியே ஓர் இடத்தில் எழுதி வைக்குமே. அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கே எழுதி வைக்கும்? லாக்கில்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. காப்பாற்றுகிற மருந்து இருந்த பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், ராத்திரி சமையலறையைச் சுத்தம் செய்கிறவள் மாதிரி. பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். நோயாளிகளின் விவரத்துக்கெல்லாம் தினமும் பேக்கப் உண்டு, அது வேறொரு கட்டிடத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்த ஃபைலுக்கு மட்டும் கிடையாது. "நாப்பது வரிக்கு எதுக்குப் பேக்கப்? அதுதான் என் தலையிலயே இருக்கே," என்று மீட்டிங்கில் சொன்னவள் அவள்தான்.

மணி பத்து பன்னிரண்டு. மறுபடியும் போன். ரத்த வங்கியில் பரிசோதனை செய்கிற பெண்.

"அக்கா, சிஸ்டம் எப்பக்கா வரும்?"

"வரும், வரும். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்னா நிஜமாவே பத்து நிமிஷமா, இல்ல உங்க பத்து நிமிஷமா? தியேட்டர்ல ஒரு பொண்ணுக்கா. குழந்தைய எடுத்துட்டாங்க, ரத்தம் நிக்க மாட்டேங்குது. அவளோட மூணு பை எதுன்னு சிஸ்டத்துலதான இருக்கு?"

"எந்த மூணு பை?"

அந்தப் பெண் மூச்சு விடாமல் சொன்னாள். பிரசவத்துக்கு வந்தவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பல தடவை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதனாலேயே இப்போது அவள் உடம்பு பெரும்பாலான ரத்தத்தை ஏற்றுக்கொள்ளாது. குரூப் சரியாக இருந்தாலும் உள்ளே போனால் சண்டை பிடிக்கும். நேற்று நாள் முழுக்கப் பொருத்திப் பார்த்ததில், குளிர்பெட்டியில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பைகளில் மூன்றே மூன்றுதான் தேறின. ஆபரேஷன் நாளைக்குத்தானே, காலையில் அவள் பேருக்கு லேபிள் அடித்துத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். வலி இன்றைக்கே வந்துவிட்டது.

"மறுபடி பொருத்திப் பாக்க முடியாதா?"

"ஆரம்பிச்சுட்டேன்க்கா. எப்படிப் பாத்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். டாக்டர் முக்கால் மணி நேரத்துக்கு மேல தாங்காதுங்கறாங்க."

அவள் கைப்பையைக் கழற்றித் தரையில் போட்டாள். தலையில் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டதை இப்போது தலையிலிருந்து எடுக்க வேண்டும். புது ஃபைல் ஒன்று திறந்து மளமளவென்று அடிக்க ஆரம்பித்தாள். டேட்டாபேஸின் பேர். மெமரி, இந்தத் தடவை சைபரை இரண்டு முறை எண்ணிவிட்டு. ஃபைல்கள் இருக்கும் இடம். இருபத்தொன்பது வரி வந்தது. கிளப்பினாள். முறைத்தது. ஒன்றைத் திருத்திக் கிளப்பினாள். வேறு காரணம் சொல்லி முறைத்தது.

மிச்ச வரிகள்தான் வில்லங்கம். முதன்முதலில் இதை நிறுவிய கம்பெனிக்காரர்கள் சில வரிகளைச் சேர்த்திருந்தார்கள். கீபோர்டில் தலை சாய்த்துத் தூங்கிப்போனவன் அடித்த மாதிரி இருக்கும் அந்தப் பேர்களெல்லாம். பூட்டிய விவரங்களுக்குச் சாவி இருக்கும் இடமும் அதில்தான். ஊரே சாவிக்கொத்து என்று கூப்பிடுகிறது, சாவி எங்கே என்று அவளுக்கு ஞாபகமில்லை. அந்தக் கம்பெனி இழுத்து மூடி மூன்று வருஷம் ஆகிறது.

மணி பத்து இருபத்தாறு. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தாள். கண் சுவரில் இருந்த சிவப்பு எழுத்தில் போய் விழுந்தது. அப்போதுதான் அந்த ஆளின் ஞாபகம் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடப் பொய். பன்னிரண்டு நிமிஷமாக அந்த ஞாபகத்தைத்தான் கிட்டே வராதே என்று தள்ளிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இதே அறையில், அடுத்த மேஜையில் இருந்தார். அவளுக்கு இரண்டு வயது இளையவர். 'பழைய பேப்பர்' என்று கேலி செய்வார்கள், ஏனென்றால் எதையும் பிரிண்ட் எடுப்பார், எடுத்ததை எறிய மாட்டார். அவளை "அக்கா, அக்கா" என்பார். ஒருநாள் காலை அவரும் இதையேதான் செய்தார். எடிட்டரில் திறந்தார், சேமித்தார், டேட்டாபேஸ் படுத்தது. ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தது. டைரக்டர் நேரில் வந்து அவளை எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். கடைசியில் லாக்கைத் தோண்டி, வரி வரியாக எடுத்து, சாயங்காலம் நாலு பத்துக்கு அதை எழுப்பி உட்கார வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான்.

எழுப்பினதும் அந்த வரிகளை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, அடியில் பேனாவால் என்னவோ எழுதி அவளிடம் கொண்டுவந்து நீட்டினார். அவள் டைரக்டர் கொடுத்த சூட்டில் இருந்தாள். "அப்புறம் பாக்கலாம்," என்று தாளைத் தொடாமல் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். 'ஊழியரின் அலட்சியத்தால் ஆறு மணி நேரம் டேட்டாபேஸ் நின்றது. பின்னர் சரிசெய்யப்பட்டது.' அவ்வளவுதான் எழுதினாள். கெடுத்தவர் யார் என்று இருந்தது. சரிசெய்தவர் யார் என்று இல்லை. படித்தவர்கள் எல்லாம் அவள்தான் என்று எடுத்துக்கொண்டார்கள், அவளும் இல்லை என்று சொல்லவில்லை. அன்றே சுவரில் அந்தச் சிவப்பு எழுத்தை ஒட்டினாள். இந்த அறை அவளுக்கே தனியாகக் கிடைத்தது. அவரைத் தரைத்தளத்துக்கு, ரத்தப் பைகளுக்கு லேபிள் அடிக்கிற மெஷினுக்கு முன்னால் அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் வாயில் 'அக்கா' போய் 'மேடம்' வந்தது.

லிஃப்ட் வருகிற வழியாக இல்லை. படியில் ஓடினாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மனசு இடித்தது. கால் நிற்கவில்லை.

ரத்த வங்கி வாசலில் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். காலில் ஒரு செருப்பு பழுப்பு, ஒன்று நீலம். அவசரத்தில் தன்னுடையதில் ஒன்றும் மகளுடையதில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இவள் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் உள்ளதான் இருக்காம்மா. எது எம் பொண்ணோடதுன்னு தெரியலையாம். அதெப்படிம்மா தெரியாமப் போகும்?"

அவள் "இதோ," என்று மட்டும் சொல்லி, கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே பரிசோதனைப் பெண் கண்ணாடிக் குழாய்களின் மேல் குனிந்தபடி இருந்தாள். மூலையில், ஓடாத லேபிள் மெஷினுக்கு முன்னால் பழைய பேப்பர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். மரியாதைதான், வேறொன்றுமில்லை.

"அந்த ஃபைல் போயிருச்சு," என்றாள்.

"எந்த ஃபைல் மேடம்?"

"அதே ஃபைல்."

"யாரு திறந்தது?"

"நான்தான்."

குழாய்களின் மேல் குனிந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேட்காத மாதிரி மறுபடி குனிந்துகொண்டாள்.

"லாக்குல இருக்குமே மேடம். கிளம்பும்போதெல்லாம் எழுதி வைக்குமே."

"அழிச்சுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தார். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நீங்க ஒரு பிரிண்ட் எடுத்தீங்க..." என்று இழுத்தாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அவர் தன் அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கத்தில், நாலு மூலையிலும் டேப் போட்டு, பழுத்துப்போன தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தை விட்டு ஒரு மூலையைக் கிளப்பினார். பிறகு அடுத்த மூலை. மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். அவளுக்கு அப்படியே பிடித்து இழுத்துவிடலாம் போல இருந்தது.

"சீக்கிரம்," என்றாள் தாங்க முடியாமல்.

"கிழியக் கூடாது மேடம். இதுக்கு வேற நகல் கிடையாது."

தாள் கையோடு வந்தது. அதன் அடியில் பேனாவால் எழுதியிருந்ததை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தாள். 'எழுப்பியவர்:' என்று போட்டு அவருடைய கையெழுத்து, தேதி, மாலை 4.10. அதற்குக் கீழே 'பார்த்தவர்:' என்று போட்டு ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக அந்த இடம் காலியாகவே இருந்திருக்கிறது.

"ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கேன். என் எழுத்து உங்களுக்குப் புரியாது. நானே வந்து படிக்கறேன்," என்றார். "ஒண்ணு மட்டும். வேலை முடிஞ்சதும் தாள் எனக்குத் திரும்பி வரணும்."

"வரும்."

"சரி, வாங்க."

மூன்று மாடியும் ஏறினார்கள். இரண்டாவது மாடியில் செக்யூரிட்டிக்காரர் இவரை அங்கே பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். சர்வர் அறை வாசலில் வந்ததும் பழக்க தோஷத்தில் அவர் கை தன் அட்டையை நீட்டியது. கதவு திறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அட்டையை முடக்கியதும் அவள்தான். அவள் தன் அட்டையைக் காட்டித் திறந்தாள். உள்ளே வந்தவர் சுவரில் சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

"இது இன்னும் இருக்கா," என்றார். வேறு பேச்சில்லை. அவள் கூசிப்போய்க் கீபோர்டைப் பார்த்துக்கொண்டாள்.

மணி பத்து முப்பத்தாறு. அவர் படிக்கப் படிக்க அவள் அடித்தாள். தெரிந்த வரிகள் கடகடவென்று ஓடின. கம்பெனிக்காரர்களின் வரிகள் வந்ததும் அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் ஓர் எழுத்தை இரண்டு தடவை அடித்தாள். இடையில் ஒரு அடிக்கோட்டை அடிக்காமல் விட்டாள்.

"நிதானம் மேடம்."

"நிதானமா? அங்க ஒரு பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா, நிதானமாம்!"

"அதனாலதான் சொல்றேன். அழிச்சுட்டு மறுபடி அடிங்க."

அடித்தாள். சாவி இருக்கும் இடத்தைப் படிக்கும்போது அவர் குரலே கொஞ்சம் தணிந்துவிட்டது. மூன்று தடவை சரிபார்த்தார்கள். கிளப்பினாள்.

திரை ஓடியது. மெமரியை எடுத்துக்கொண்டது. உயிர் வருகிறது என்று இருவரும் நாற்காலி நுனிக்கு வந்தபோது நின்றது. 'சொன்ன இடத்தில் இரண்டு ஃபைல்கள் இல்லை.'

"தாள்ல இதுதான் இருக்கு," என்றார் அவர். முதல் தடவையாக அவர் முகத்திலும் கலவரம் தெரிந்தது. "நான் சரியாத்தான் படிச்சேன்."

"நீங்க சரிதான்." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தாள் ரெண்டு வருஷப் பழசு. போன வருஷம் டிஸ்க் மாத்தினேனே. அந்த ரெண்டு ஃபைலையும் நான்தான் இடம் மாத்தினேன்."

"எங்க?"

எங்கே? போன் அடித்தது. எடுக்கவில்லை. எங்கேயென்று யோசித்தால் அந்த அம்மாவின் பழுப்புச் செருப்பும் நீலச் செருப்பும்தான் கண்ணில் நின்றன. கண்ணை இறுக மூடினாள். அன்றைக்கு மழை. டிஸ்க் கொண்டுவந்தவன் நனைந்த பெட்டியை இதே மேஜையில் வைத்தான், அவள் அவனைத் திட்டினாள், திட்டிக்கொண்டே புது டிஸ்க்குக்கு ஒரு பேர் அடித்தாள். கண்ணைத் திறக்காமலே விரல் அந்தப் பேரை அடித்தது.

மறுபடி கிளப்பினாள். மெமரி எடுத்தது. ஃபைல்களைக் கண்டுபிடித்தது. பூட்டைத் திறந்தது. ஒரு கணம் எதுவும் நடக்காமல் நின்று, பிறகு 'டேட்டாபேஸ் திறந்தது' என்று ஒரு சாதாரண வரி எழுதியது. மணி பத்து நாற்பத்தொன்பது.

அவர் அதற்குள் போனை எடுத்திருந்தார். "வந்துருச்சும்மா, பாரு. மூணு நம்பரையும் எடு, பைய வெளிய வை. லேபிளுக்கு நான் வர்றேன்." போனை வைத்தாரோ போட்டாரோ, கதவுக்கு வெளியே அவர் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. அந்த மனுஷன் ஓடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

தனியாக உட்கார்ந்து அவள் செய்ய வேண்டியதை முறைப்படி செய்தாள். சரியான ஃபைலிலிருந்து புது ஃபைல் செய்யக் கட்டளை கொடுத்தாள். அதன் நகலை அடுத்த கட்டிடத்துக்கும் அனுப்பினாள். பிரிண்டும் எடுத்தாள். கை வேலை செய்துகொண்டிருந்தது, காது மட்டும் போனிலேயே இருந்தது. பதினொன்று ஐந்து. பதினொன்று பதினைந்து. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்த டம்ளரை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடினாள். பதினொன்று இருபதுக்குப் பரிசோதனைப் பெண் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது பை போயிட்டிருக்குக்கா. ரத்தம் நின்னுருச்சாம். பொழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே அழுதாள். "அந்த அம்மா இவர் கையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். நிமிர்ந்தபோது வாசலில் அவர் நின்றிருந்தார். கதவு சாத்தாமல் கிடந்தது.

"தாளை எடுத்துட்டுப் போக வந்தேன் மேடம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜை போன் அடித்தது. டைரக்டர். அவர் குரலுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

"என்னம்மா, அம்பது நிமிஷம் படுத்துருச்சாமே? தியேட்டர்ல ஒரு கேஸ் போகப் பாத்துச்சாமே?"

"ஆமா சார்."

"நம்ம பழைய பேப்பரை மேல பாத்ததா செக்யூரிட்டி சொல்றாரு. அந்த ஆள் மறுபடியும் கைய வச்சுட்டானா? எனக்கு அப்பவே தெரியும். இந்தத் தடவ கீழ, மேலன்னு பேச்சே இல்ல, வீட்டுக்கே அனுப்பிருவோம். போன தடவ மாதிரியே ரெண்டு வரி ரிப்போர்ட் எழுதிக் குடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

ஒவ்வொரு வார்த்தையும் வாசல் வரை கேட்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். முன்பே ஒருமுறை அடி வாங்கிய இடத்தில் இன்னொரு அடி விழப்போகிறது என்று தெரிந்த நிற்பு அது.

அவள் ஒன்றும் பெரிதாகப் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. 'ம்' என்றால் போதும். ஒரே ஒரு 'ம்'. தனி அறை இருக்கும், சாவிக்கொத்து இருக்கும், வீட்டில் நாளைக்குக் காலையில் வழக்கம்போலக் கிளம்பலாம். அவள் வாயைத் திறந்தாள். அந்த 'ம்' தொண்டை வரை வந்துவிட்டது என்பதுதான் உண்மை. பிற்பாடு அவளே அதை மறைக்கவில்லை.

"இல்ல சார். ஃபைலைத் திறந்தது நான்தான்."

"என்ன?"

"லாக்கை அழிச்சதும் நான்தான். அவரு வந்து எழுப்பினாரு. அவர்கிட்ட இருந்த தாளாலதான் அந்தப் பொண்ணு பொழைச்சுது."

இனி நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போன தடவையும் எழுப்பினது அவருதான் சார். நான் ரிப்போர்ட்ல எழுதல. வேணும்னுதான் எழுதல."

டைரக்டர், "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா. அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வா," என்றார். இந்தத் தடவை அவர் குரல் வாசல் வரை கேட்டிருக்காது. போனை வைத்துவிட்டார்.

அறையில் மெஷின்களின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவர் இன்னும் வாசல்படியைத் தாண்டாமலே நின்றார். அவள் எழுந்து, நாற்காலி மேல் ஏறி, சுவரில் இருந்த சிவப்பு எழுத்துத் தாளைக் கிழித்தாள். கிழித்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை, கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். பிறகு மேஜையில் கிடந்த பழுத்த தாளை எடுத்தாள். கொடுக்கப் போனவள் நின்று, பேனாவைத் தேடினாள். இப்போது பார்த்து ஒரு பேனாவும் அகப்படவில்லை. அவரே உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

'பார்த்தவர்:' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது. பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்குத் தேதியப் போடட்டுமா?"

அவர் தாளின் மேல் குனிந்தார்.

"வேணாம் மேடம். இன்னிக்குத் தேதியே போடுங்க. ரெண்டு வருஷம் ஆச்சுன்னு தெரியட்டும்."

அவள் அன்றைய தேதியைப் போட்டாள்.